உப்பு நடந்த பாதை – 17: கருவறைக்குள் போன அயடீன்

சென்ற இரண்டு இதழ்களில், புத்தளத்து உப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒல்லாந்தர் கண்டி இராச்சியத்தை நெருக்கிய கதையையும், ஆங்கிலேயர் அதே உப்பை அரசின் ஏகபோகமாக்கிய கதையையும் பார்த்தோம். மலைநாட்டில் உப்பு விளையாது, கடற்கரையிடம்தான் கையேந்த வேண்டும். அந்த இரண்டு கதைகளுக்கும் இதுவே அடிப்படை. இந்த இதழிலும் மலையும் கடற்கரையும் வருகின்றன. ஆனால் படையும் வரியும் இல்லை. தாயின் வயிற்றில் மூன்று மாதம்கூட நிறையாத ஒரு சிசுவின் மூளை வருகிறது. அந்த மூளையில் நரம்புக்கலங்கள் பிறந்து, நகர்ந்து, தத்தம் இடத்தில் போய் அமர்வதற்கும், புத்தளத்துப் பாலாவி உப்பளத்தில் வாரிக் குவிக்கிற உப்புக்கும் என்ன தொடர்பு என்று தெரிந்துகொள்ள விஞ்ஞானத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

மாம்புரியிலிருந்து தொடங்குகிறேன். கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் இருக்கிற ஊர். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. கரையோரம் 2010 முதல் சுழல்கிற காற்றாலைகள், சற்றுத் தள்ளி நுரைச்சோலை அனல்மின் நிலையம், மணல் தரையில் வெங்காயமும் மிளகாயும் போட்ட தோட்டங்கள், கடற்கரையில் கரைவலையும் கருவாட்டுப் பாயும். மூச்சுக்கு மூச்சு உப்புக் காற்று. உலகத்தின் அயடீனில் பெரும்பங்கு கடலில்தான் கிடக்கிறது என்று பாடசாலையில் படித்தவர்கள், இந்த ஊர்க்காரருக்கும் இந்த ஊரைச் சுற்றி விளைகிற உப்பைத் தின்பவருக்கும் அயடீன் குறைவே வராது என்றுதான் நினைப்பார்கள். கடல்மீன் தின்பவரைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. உப்பைப் பொறுத்தவரை இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லீற்றர் கடல்நீரில் சோற்றுப்பு ஏறத்தாழ 27 கிராம் இருக்கிறது. அயடீனோ ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அந்த அயடீன் முழுவதும் உப்போடு சேர்ந்து வந்தாலும், ஒருவர் நாளொன்றுக்குத் தின்கிற ஐந்து கிராம் உப்பில் பத்து மைக்ரோகிராம் தேறும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம்.

முழுவதும் வருவதுமில்லை. உப்பளத்தில் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்ற வைக்கிறார்கள். முதலில் சுண்ணமும் ஜிப்சமும் அடியில் படியும். நீர் பத்தில் ஒரு பங்காக வற்றும்போது உப்பு பூக்கத் தொடங்கும். உப்புக் கட்டி கட்டியாக விளையும்போது, அதன் படிகத்துக்குள் அடங்காத மக்னீசியம், புரோமின், அயடீன் எல்லாம் மேலே நிற்கிற கசப்பு நீரிலேயே தங்கிவிடும். அந்தக் கசப்பு நீரைத் திறந்து வெளியே விட்டால்தான் நல்ல வெள்ளை உப்புக் கிடைக்கும். உப்பு எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்கு அதில் அயடீன் குறைவு. நூற்றாண்டுகளாகப் புத்தளத்திலிருந்து கண்டிச் சீமைக்குப் போன உப்பு, சோற்றுக்குச் சுவை தந்தது. அயடீன் தரவில்லை.

இதன் விளைவு கழுத்தில் தெரிந்தது. அயடீன் குறைந்தால் தைரொய்ட் சுரப்பிக்கு ஓமோன் செய்ய மூலப்பொருள் போதாது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அதைத் தூண்டிக்கொண்டே இருக்கும். தூண்டத் தூண்டச் சுரப்பி பெருக்கும். அதுதான் கழலை. இலங்கையில் அது எங்கே அதிகம் என்று தேடியவர்களில் இருவரை இங்கே பெயர் சொல்லி நினைக்க வேண்டும். கே. மகாதேவாவும் எஸ். செந்தே சண்முகநாதனும் 1967இல் ‘பிரிட்டிஷ் ஜேர்னல் ஒஃப் நியூட்ரிஷன்’ ஆய்விதழில் இலங்கைக் கழலைப் பிரச்சினை பற்றி விரிவாக எழுதினார்கள். மறு ஆண்டு மகாதேவா வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு அதன் தொடர்ச்சியை வெளியிட்டார். ஊரின் தண்ணீர், சாப்பாடு, மண் ஆகியவற்றை வைத்து ஒரு நோயை விளக்க முயன்ற அந்த எழுத்துக்கள் நம்முடைய விஞ்ஞான வரலாற்றின் சொத்து. இன்று அவற்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கழலை மிகுந்த பிரதேசம் மலையில் மட்டும் இருக்கவில்லை என்பதுதான் இந்த நாட்டின் விசேஷம். 1986இல் பதினேழு மாவட்டங்களில் 59,000க்கும் மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை இருந்தது. மிகக் குறைவு மலை சார்ந்த மாத்தளையில், 6.5. மிக அதிகம் களுத்துறையில், 30.2. களுத்துறை கடற்கரை மாவட்டம்! கடல் பக்கத்தில் இருந்தும் அங்கே ஏன் இந்த நிலை? தென்மேற்கில் கொட்டுகிற மழை மண்ணிலிருக்கும் அயடீனைக் கழுவிக் கடலுக்கே கொண்டுபோய்விடுகிறது என்பது முதல் விளக்கம். மழை குறைந்த வரண்ட வலயத்தில் கிணற்று நீரில் அது தேங்கி நிற்கிறது. பேராதனையின் புவியிரசாயன ஆய்வாளர் சி.பி. திசாநாயக்க போன்றவர்கள், மண்ணில் அயடீன் இருந்தாலும் களிமண்ணும் சேதனப் பொருளும் அதைப் பயிருக்கு விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்றும் காட்டினார்கள். எப்படியோ, கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை களுத்துறையோடு உடைந்தது.

இதுவரை கழுத்தைப் பற்றித்தான் பேசினோம். வீங்கிய கழுத்து உயிருக்கு உடனே ஆபத்தில்லை. அதனால்தான் கழலையை அரசாங்கங்கள் நெடுங்காலம் பெரிதாக எடுக்கவில்லை. பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள். அதே ஊர்களில் காது கேளாமல், வாய் பேசாமல், கால் விறைத்துத் தத்தித் தத்தி நடக்கிற பிள்ளைகள் பிறப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். ஆனால் கழுத்துக்கும் மூளைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று எவருக்கும் விளங்கவில்லை.

ரொபேர்ட் மக்கரிசன் என்ற இளம் இராணுவ வைத்தியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் துணைக்கண்டத்தின் வடக்கே கில்கிட், சித்ரால் மலைகளில் வேலை பார்த்தார். கில்கிட்டில் ஒரு ஓடையை ஒட்டி எட்டுக் கிராமங்கள். ஒன்றின் கழிவு அடுத்த கிராமத்தின் குடிநீரில் கலக்கும். கீழே போகப் போகக் கழலை கூடியது. ஆகவே இது தண்ணீரில் வருகிற கிருமி என்று அவர் முடிவுகட்டினார். அதை நிரூபிக்க, அந்தத் தண்ணீரை வடிகட்டியபின் மிஞ்சிய வண்டலைத் தாமும் குடித்தார், தொண்டர்களுக்கும் கொடுத்தார். கிருமிக் கொள்கை நிலைக்கவில்லை. ஆனால் 1908இல் அவர் எழுதிய இன்னொரு விஷயம் நிலைத்தது. அந்தப் பிள்ளைகளை அவர் இரண்டு வகையாகப் பிரித்தார். ஒரு வகைக்கு உடல் குள்ளம், தோல் தடிப்பு, தைரொய்ட் வேலை செய்யாத அடையாளம் எல்லாம் இருந்தது. மறுவகைக்கு அவை எதுவும் இல்லை. உடல் ஓரளவு வளர்ந்திருந்தது. நரம்பு மண்டலம் மட்டும் பழுதாகியிருந்தது. பிறந்தபின் தைரொய்ட் சரியாக இயங்குகிற பிள்ளையின் மூளை எப்படிப் பழுதானது? சேதம் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டதா? அந்தக் கேள்வியை மக்கரிசன் முழுதாகக் கேட்கவில்லை. கேட்பதற்கு வேண்டிய சாட்சியை விட்டுச் சென்றார்.

பின்னர் அவர் நீலகிரியில், குன்னூரில், போசாக்கு ஆராய்ச்சிக்கூடத்தை வளர்த்தெடுத்தார். அதே குன்னூர்க் கூடத்தில் 1940களின் இறுதியில் வேலை செய்த ஸ்ரீகாகுளத்துக்காரர் வி. ராமலிங்கசுவாமி, 1956இல் இமாலய அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்குக்குப் போனார். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழ்ந்த பிரதேசத்தை மூன்று வலயங்களாகப் பிரித்து, இரண்டுக்கு அயடீன் கலந்த உப்பும் ஒன்றுக்கு வெறும் உப்பும் கொடுத்தார். ஆறு ஆண்டுக்குள் அயடீன் உப்புத் தின்ற இரு வலயங்களிலும் கழலை பாதியளவுக்கு இறங்கியது. மூன்றாவதில் இறங்கவில்லை. அங்கேயும் அயடீன் உப்புக் கொடுத்தபின் இறங்கியது. சுவிட்சர்லாந்தில் 1922இலேயே உப்பில் அயடீன் கலக்கத் தொடங்கியிருந்தாலும், ஈரப்பதமான, ஏழை நாட்டுச் சூழலில் கல் உப்பைக்கொண்டே இது முடியும் என்று கண்முன் காட்டியது காங்ராதான். ஈரத்தில் ஆவியாகிப் போகாத பொட்டாசியம் அயடேற்று நம் நாடுகளின் உப்புக்கு ஏற்றது என்பதும் அந்தச் சோதனையில் உறுதிப்பட்டது. இன்று புத்தளத்து உப்பில் தெளிப்பதும் அதே அயடேற்றைத்தான்.

கழுத்து விவகாரம் காங்ராவில் தீர்ந்தது. மூளை விவகாரம் பப்புவா நியூகினியில் தீர்ந்தது. அங்கே ஜிமி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1966இல் ஃபரோ, பட்ஃபீல்ட், பசில் ஹெட்ஸல் ஆகியோர் ஒரு சோதனை செய்தார்கள். குடும்பங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அயடீன் கலந்த எண்ணெய் ஊசியும் மறுபாதிக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். பின்னர் பிறந்த பிள்ளைகளைக் கண்காணித்து 1971இல் ‘லான்செட்’டில் எழுதினார்கள். உப்புநீர் ஊசி போட்ட பக்கம் பிறந்த 534 பிள்ளைகளில் 26 பேருக்கு அந்த நரம்புப் பழுது. அயடீன் பக்கம் பிறந்த 498 பேரில் ஏழு பேருக்கு. அந்த ஏழு பேரில் ஆறு பேரின் தாய்மார், ஊசி போட்ட அன்றே கர்ப்பமாக இருந்தவர்கள்.

அந்த ஆறு தாய்மாரும் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மருந்து பெற்றவர்கள்தான். ஆனால் நேரம் கடந்துவிட்டது. அயடீன் தாயின் உடலில் இருக்க வேண்டியது கர்ப்பம் தரிப்பதற்கு முன்னால். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு சிறிய எண்ணிக்கை இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்ன இடங்கள் அதிகமில்லை என்று நினைக்கிறேன்.

ஏன் அவ்வளவு முன்னால்? இதற்கு விடை சொன்னவர்கள் மூளை விஞ்ஞானிகள்.

நரம்புக்கலம் எப்படி வளர்கிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்தவர் ஸ்பெயின் தேசத்து சந்தியாகோ ரமோன் இ கஹால். கோழி முட்டைக்குள் வளர்கிற கருவின் முண்ணாணை வெட்டி, வெள்ளி உப்பால் சாயமேற்றி, 1890இல் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். வளர்கிற ஒவ்வொரு நரம்பு இழையின் நுனியும் கூம்புபோல விரிந்து, வழி தேடிப் போவதைக் கண்டார். அது உயிருள்ள காட்சியல்ல, செத்த திசு. அசைவை அவர் ஊகித்தார். 1907இல் அமெரிக்காவில் ரொஸ் ஹரிசன், தவளைக் கருவின் நரம்புத் துண்டு ஒன்றை நிணநீர்த் துளியில் வைத்து, இழை நீள்வதை நேரில் பார்த்து அந்த ஊகத்தை உறுதிப்படுத்தினார்.

தைரொய்ட் இந்த வளர்ச்சியில் எங்கே வருகிறது? 1951இல் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜே.டி. ஈயர்ஸும் எஸ்.எச். டெயிலரும் பிறந்த எலிக்குட்டிகளுக்குத் தைரொய்ட்டை அடக்குகிற மருந்தைக் கொடுத்து வளர்த்து, அவற்றின் மூளைப் புறணியைச் சீவிப் பார்த்தார்கள். நரம்புக்கலங்கள் இருந்தன. ஆனால் சிறுத்து, ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தன. கலத்துக்கும் கலத்துக்கும் இடையே பின்னிப் படரவேண்டிய கிளைகளும் இழைகளும் குறைந்திருந்தன. மூளையின் வேலையெல்லாம் அந்தப் பின்னலில்தான் நடக்கிறது. கலம் இருந்தும் பின்னல் இல்லாவிட்டால், கம்பி இழுக்காத தொலைபேசி நிலையத்தில் கருவிகள் இருந்து என்ன பயன்? பட்டினிதான் காரணமோ என்ற சந்தேகம் வந்தது. ஈயர்ஸ் 1955இல் பட்டினி போட்ட எலிகளையும் தைரொய்ட் குறைந்த எலிகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டார். பட்டினியை மட்டும் வைத்து அந்தச் சேதத்தை விளக்க முடியவில்லை.

ஆனால் ஈயர்ஸ் பார்த்தது பிறந்தபின் நடப்பது. ஜிமி பள்ளத்தாக்குச் சொன்னதோ கர்ப்பத்தின் தொடக்கம். இடையில் ஒரு சுவர் இருந்தது. தாயின் தைரொய்ட் ஓமோன் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவுக்குப் போகாது என்று பல காலம் பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. மனிதச் சிசுவின் தைரொய்ட் மூன்றாம் மாத முடிவில்தான் வேலையைத் தொடங்கும். போதிய அளவில் சுரக்க ஐந்தாம் மாதம்வரை ஆகும். ஓமோன் போகவே இல்லையென்றால் அதுவரை சிசுவின் மூளைக்கு அது தேவையே இல்லை என்றுதான் பொருள். அப்படியானால் தாய்க்கு அயடீன் குறைந்தால் என்ன?

இந்தச் சுவரை உடைத்தவர் கப்ரியேலா மொரியாலே டி எஸ்கோபார். 1930இல் மிலானில் பிறந்து, ஸ்பெயினில் வளர்ந்த இரசாயன விஞ்ஞானி. 1950களில் கிரனாடாவுக்கு அருகே அல்புஹாராஸ் மலைக் கிராமங்களில் கழலையை ஆராய்ந்ததுதான் அவருடைய தொடக்கம். அவரும் கணவர் பிரான்சிஸ்கோ எஸ்கோபார் டெல் ரேயும் வாழ்நாள் முழுதும் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்தார்கள். ஸ்பெயினில் பிறந்த குழந்தையின் குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்துத் தைரொய்ட் குறைபாட்டைக் கண்டுபிடிக்கிற திட்டத்தை 1970களில் தொடக்கி வைத்தவர்களும் இவர்களே. 1984இல் இவர்களுடைய குழு, எலிக் கருவுக்குச் சொந்தத் தைரொய்ட் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே அதன் உடலில் தைரொய்ட் ஓமோன் இருப்பதை அளந்து காட்டியது. கரு அதைச் செய்ய முடியாது. தாயிடமிருந்து மட்டுமே வந்திருக்க முடியும். 1989இல் நெதர்லாந்தில், பிறவியிலேயே தைரொய்ட் ஓமோன் செய்யவே முடியாத மனிதக் குழந்தைகளின் கொடி இரத்தத்திலும் அந்த ஓமோன் இருப்பது தெரிந்தது. அதுவும் தாயுடையதுதான்.

இனிப் புறணி எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும். சிசுவின் மூளையில் நரம்புக்கலங்கள் பிறக்கிற இடம் உள்ளே, நீர் நிறைந்த அறைகளின் சுவரை ஒட்டி. அவை போய் அமரவேண்டிய இடம் வெளியே, மேற்பரப்பில். இடையில் உள்ளிருந்து வெளிவரை நீண்ட இழைகளைக் கொண்ட வேறொரு வகைக் கலங்கள் நிற்கின்றன. பஸ்கோ ரகிச் 1970களின் தொடக்கத்தில் குரங்குச் சிசுக்களின் மூளையில் இதைக் காட்டினார். பிறந்த நரம்புக்கலம் அந்த இழையைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். முதலில் பிறந்தவை அடி அடுக்கில் இறங்கிவிடும். பின்னால் பிறந்தவை அவற்றைத் தாண்டி இன்னும் மேலே போய் அமரும். இப்படி ஆறு அடுக்குகள் உருவாகும். எந்த அடுக்கில் அமர்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அந்தக் கலம் யாரோடு தொடுப்பு வைக்கும் என்பது அமையும். பாதியில் நின்றுவிட்ட கலம் செத்துப் போகாமல் இருக்கலாம். ஆனால் அது நிற்கிற இடம் அதன் இடமல்ல.

மொரியாலேயும் பேர்பெல் முதலிய சகாக்களும் 2000களின் தொடக்கத்தில் இந்தப் பயணத்தைத்தான் சோதித்தார்கள். கர்ப்பமான எலிகளுக்குத் தைரொய்ட்டை அடக்கும் மருந்தை மூன்றே மூன்று நாள் கொடுத்தார்கள். புறணி கட்டப்படத் தொடங்குகிற அந்த மூன்று நாள் மட்டும். தாய் எலிகளுக்குப் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நாட்களில் பிறந்த நரம்புக்கலங்களுக்கு அடையாளம் இட்டிருந்தார்கள். குட்டிகள் வளர்ந்தபின் மூளையைச் சீவிப் பார்த்தபோது, அடையாளம் இட்ட கலங்கள் தமக்குரிய அடுக்குகளில் ஒழுங்காக இல்லை, இடம் மாறிச் சிதறியிருந்தன. சில புறணிக்குக் கீழே வெண்பொருளிலேயே நின்றுவிட்டன. குறை இருந்தது மூன்றே நாள்தான். அதன் தடம் குட்டி வளர்ந்தபின்னும் அழியவில்லை.

அந்தப் படங்களை ஆய்விதழில் முதன்முறை பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை மலைக் கிராமங்களில், எத்தனை தலைமுறையாக, மந்தம் என்றும் மக்கு என்றும் வகுப்பின் பின்வாங்கில் உட்கார வைத்த பிள்ளைகள் இருந்தார்கள்! தாயின் பாவம் என்றார்கள், முன்வினை என்றார்கள், சொந்தத்தில் கட்டியதால் என்றார்கள். உண்மையில் குறைந்திருந்தது ஒரு சில மைக்ரோகிராம் தாதுப்பொருள். கடுமையாகப் பழுதான பிள்ளை ஒன்றுக்குப் பக்கத்தில், வெளியே எதுவும் தெரியாமல் படிப்பில் கொஞ்சம் பின்தங்கிய பிள்ளைகள் பலர் இருந்திருப்பார்கள். இது பழைய காலத்துக் கதை மட்டுமல்ல. பிரித்தானியாவில், அயடீன் சற்றே குறைந்த தாய்மார் பெற்ற பிள்ளைகள் எட்டு வயதில் மொழித் திறனிலும் ஒன்பது வயதில் வாசிப்பிலும் பின்தங்கியதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013இல் காட்டியது.

இப்போது உப்பளத்துக்குத் திரும்பலாம். கர்ப்பம் என்று தெரிந்து, குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து, கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு மாதம் தாண்டியிருக்கும். அதற்குள் புறணிக்கு வேண்டிய கலங்கள் பிறக்கத் தொடங்கிவிடும். அப்போது மாத்திரை கொடுத்துத் தொடக்கத்தை மீட்க முடியாது. ஆகவே கர்ப்பமாகப் போகிறவள், ஆகாதவள், பாட்டி, பள்ளிச் சிறுமி என்ற பேதமில்லாமல் எல்லோருடைய உணவிலும் அயடீன் எப்போதும் இருக்க வேண்டும். ஏழை வீட்டிலும் பணக்கார வீட்டிலும் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சேர்கிற பொருள் உப்பு ஒன்றுதான்.

இலங்கையில் உணவுச் சட்டத்தின் கீழ் உப்பில் அயடீன் கலப்பது 1995 முதல் கட்டாயமானது. 1990இல் போர் ஆனையிறவு உப்பளத்தை மூடியபின் நாட்டின் உப்புச் சுமை பெரும்பாலும் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விழுந்திருந்தது. விளைகிற இடங்கள் சிலவே என்றால் கலக்கவேண்டிய இடங்களும் சிலவே. வேலை மிக எளிது. கழுவி உடைத்த உப்பு பட்டியில் ஓடிவரும்போது அயடேற்றுக் கரைசலைத் தூறலாகத் தெளிப்பார்கள், அவ்வளவுதான். கடைகளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சோதிப்பதும் எளிது. ஒரு கரண்டி உப்பின் மேல் மாப்பொருள் கலந்த சோதனைத் திரவத்தை ஒரு துளி விட்டால், அயடீன் இருந்தால் அந்த இடம் ஊதா நீலமாகும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அயடீன். வெள்ளையாகவே கிடந்தால் அந்த மூட்டையில் ஏதும் இல்லை.

கழுத்து மெதுவாகத்தான் சுருங்கியது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் ரேணுகா ஜயதிஸ்ஸ குழுவினர் 2000–01இல் அளந்தபோது இன்னும் ஐந்தில் ஒரு பிள்ளைக்குக் கழலை இருந்தது. ஆனால் சிறுநீரில் அயடீன் போதிய அளவுக்கு வந்திருந்தது. 2010இல் கழலை 4.4 வீதம். 2016இல் 1.9. களுத்துறையில் மூன்றில் ஒரு பிள்ளைக்கு அருகில் இருந்த ஒரு நோய், ஒரு தலைமுறைக்குள் நாடு முழுவதும் நூற்றில் இரண்டாகிவிட்டது. யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்டில் இது நடந்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

குறையே இல்லை என்றும் எழுத முடியாது. அயடீன் திடீரென்று கூடியபோது, பாடசாலைச் சிறுமிகளின் இரத்தத்தில் தைரொய்ட்டைத் தாக்குகிற எதிருடலங்கள் கூடியிருப்பதை பிரேமவர்தனவும் சகாக்களும் 2000இல் காட்டினார்கள். அதனால் திட்டத்தைக் கைவிடவில்லை. பிறகு விதிகளைத் திருத்தி, கலக்கவேண்டிய அளவைக் குறைத்தார்கள். இன்னொரு இழுபறி இன்றும் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறையுங்கள் என்று வைத்தியர் சொல்கிறார். கர்ப்பிணிக்கோ நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயடீன் வேண்டும். இதற்கு விடை உப்பைக் கூட்டித் தின்பதல்ல. உண்கிற உப்பு குறையக் குறைய, அதில் கலக்கிற அயடீனைத் திரும்பத் திரும்ப அளந்து சரிசெய்வது. அளப்பதை நிறுத்திய நாடுகளில் குறைபாடு திரும்பி வந்திருக்கிறது. வீட்டிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கல் உப்பைக் கழுவிப் போட்டால் அயடீனும் கழுவிப் போகும். திறந்த சட்டியில் ஈரத்தோடு வைத்தாலும் குறையும்.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் சென்னையிலிருந்தும் இந்தக் கதைக்கு ஒரு புதிய பக்கம் சேர்ந்திருக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையிலான குழு, 14 வாரம் முதல் 24 வாரம் வரையிலான ஐந்து மனிதச் சிசுக்களின் மூளைகளை மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒவ்வொரு கலமும் தெரிகிற அளவில் படமெடுத்து, 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் யாவரும் பார்க்கத் திறந்து வைத்தது. மொத்தம் 5,132 தகடுகள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மூளைப் பகுதிகளுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். எலியிலும் குரங்கிலும் ஊகித்துவந்த பயணத்தின் மனித வடிவம் அதில் இருக்கிறது. சிசுவின் சொந்தத் தைரொய்ட் இன்னும் முழுதாக எழும்பாத வாரங்கள் அவற்றில் அடக்கம். அந்த வாரங்களின் தகடுகளில் உள் அறைச் சுவரை ஒட்டிய நெருக்கமான கலப் பட்டையையும், அதற்கு மேலே பயணத்தில் இருக்கிற கலங்களையும் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம். மாம்புரியிலிருக்கிற ஒரு உயர்தர வகுப்பு மாணவியும் பார்க்கலாம். இணைய இணைப்பு இருந்தால் போதும்.

(அடுத்த இதழில்: ஆனையிறவு உப்பளமும் போரும்)